காற்றுக் குழாயின் விட்டம்



அமராவதிபுதூர்த் தோட்டங்களில் பம்பு செட்டுக்குக் குழாய் வாங்குவோர் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம்?" என்பதே. அதே வினா மோட்டார் காரிலும் எழுகிறது.

1905-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி காப்புரிமை கோரிய டர்போசார்ஜர், வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்துகிறது. அழுத்திய காற்றுச் சூடேறும். சூடேறினால் அடர்த்தி குறையும். ஆதலின் அதனை இன்டர்கூலரில் ஆற்றி, குழாய் வழியே எஞ்சினுக்கு அனுப்புகின்றனர். செட்டிநாட்டு வெயிலில் இதன் அருமை நன்கு விளங்கும்.

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு லிட்டர் அழுத்தக் காற்றை உள்ளிழுக்கும் எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுற்றென்றால் நொடிக்கு 50 லிட்டர். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அக்காற்று நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் ஓடும். விட்டத்தைப் பாதியாக்கினாலோ வேகம் நான்கு மடங்காகும்; உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ முப்பது மடங்காகும். டர்போ அரும்பாடுபட்டுச் சேர்த்ததைக் குழாயே தின்றுவிடும்!

அப்படியானால் 75 மில்லிமீட்டர் குழாயே போடலாமே என்பர் சிலர். எனக்கு உடன்பாடில்லை. 50 மில்லிமீட்டரிலேயே உராய்வு இழப்பு மிகச் சிறிது. மேலும் அகலப்படுத்திப் பெறும் ஆதாயம் சொற்பம். இரண்டு மீட்டர் நீளத்தில் சிறிய குழாய் சுமார் 4 லிட்டர் கொள்ளும். பெரியதோ 9 லிட்டர். மிதியை அழுத்தியதும் அவ்வளவும் நிரம்பி அழுத்தம் ஏறிய பின்னரே எஞ்சின் முழு வலிமை பெறும். தாமதம் நொடியின் சிறு பகுதியே. ஆயினும் லாரியை முந்துகையில் ஓட்டுநர் அதனை உணர்வார்.

வளைவுகளையும் பாருங்கள். கூர்மையாக ஒடித்துப் பற்றவைத்த ஒரே முழங்கை, இரண்டு மீட்டர் நேர்குழாயைவிட மிகுதியான அழுத்தத்தை இழக்கச் செய்யக்கூடும்.