ஆளுக்கு ஒரு மாடு, ஆளுக்கு ஒரு வெள்ளி



காஜாங்கில் கொமுட்டர் ரயில் ஏறிச் சிரம்பான் பக்கம் போகிறவர்கள் யுகேஎம் நிலையத்தைக் கடந்துதான் போகவேண்டும். பாங்கியில் ஆயிரம் ஹெக்டருக்கு மேல் பரந்திருக்கும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரில் அமைந்த நிலையம் அது. எச்யுகேஎம் என்று பலரும் அழைத்துவந்த செராஸ் மருத்துவமனைக்கு, உடம்பு முடியாமல் போய்வந்த குடும்பங்களும் நம்மிடையே நிறைய. அதை நடத்துவதும் இதே பல்கலைக்கழகம்தான். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் நமக்கும் சொந்தம் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

மலாய் மொழியில் உயர்கல்வி தரும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுத்தாளர் அப்துல் காடிர் அடாபி குரல் கொடுத்தது 1923இல். ஆங்கிலேயர் ஆட்சி அதற்குக் காது கொடுக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, சைட் நாசிர் இஸ்மாயில் தலைமையில் ஓர் அமைப்புக் குழு உருவானது. 1970 மே 18ஆம் நாள், கோலாலம்பூர் லெம்பா பந்தாயில், தற்காலிக இடத்தில் பல்கலைக்கழகம் பிறந்தது. அறிவியல், கலை, இஸ்லாமிய ஆய்வியல் என மூன்றே புலங்கள். மாணவர்கள் இருநூறு பேர்கூட இல்லை.

அறிவியலை மலாயில் நடத்த முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பாட நூல்கள் குறைவு. கலைச்சொற்களையே புதிதாக ஆக்கவேண்டிய நிலை. விரிவுரையாளர்கள் சொற்களைத் தேடித் தேடிப் பாடம் நடத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே மருத்துவப் படிப்பும் தொடங்கியது. 1977இல் பாங்கி வளாகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 2006இல் நாட்டின் ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றாக அது அங்கீகாரம் பெற்றது.

பல்கலைக்கழகம் மக்களுக்குச் சொந்தம் என்றேன். ஒரு நாட்டு மக்கள் தங்கள் பல்கலைக்கழகத்தைத் தாங்களே எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பதற்கு ஆப்பிரிக்காவின் தெற்கே ஒரு கதை இருக்கிறது. லெசோத்தோ, போட்ஸ்வானா, சுவாசிலாந்து ஆகிய மூன்று சிறு நாடுகளும் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகத்தை நடத்தி வந்தன. அதன் தலைமை வளாகம் லெசோத்தோவின் ரோமா என்னும் ஊரில் இருந்தது. 1975இல் லெசோத்தோ விலகித் தனக்கென்று ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தை அமைத்துக்கொண்டது. சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டுகூட ஆகாத ஏழை நாடான போட்ஸ்வானா திகைத்தது. மறு ஆண்டே அதிபர் செரெட்சே காமாவின் அரசு மக்களிடம் கையேந்தியது. ‘ஆளுக்கு ஒரு மாடு’ என்பதுதான் அழைப்பு. அந்த மக்களுக்கு மாடுதான் செல்வம். மாடு இருந்தவர்கள் மாட்டை ஓட்டி வந்தார்கள். இல்லாதவர்கள் தானியமும் முட்டையும் காசும் கொண்டுவந்தார்கள். கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காதவர்கள். 1982இல் போட்ஸ்வானா பல்கலைக்கழகம் தனித்து எழுந்தது. மாட்டை ஓட்டிவரும் மனிதரின் சிலை அந்த வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

நேயர்களே, நம்மவர்களும் அப்படிக் கொடுத்தவர்கள்தான். 1950களின் நடுவில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரலாம் என்ற பரிந்துரை வந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் களத்தில் இறங்கினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும் கொடுத்தார்கள். அந்தப் பணம் துறைக்குத் தமிழ் நூல்களாகப் போய்ச் சேர்ந்தது. 1956இல் தொடங்கிய அந்தத் துறையில் தமிழே முதன்மை பெற்றது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. அதன் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடும் இங்கேயே கூடியது.

அந்த ஒரு வெள்ளிக்கு அன்று என்ன மதிப்பு என்பது தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குத் தெரியும். காஜாங்கைச் சுற்றி இஞ்ச் கென்னத், வெஸ்ட் கன்ட்ரி போன்ற தோட்டங்களில் உழைத்த தலைமுறை அது. தன் பிள்ளை பல்கலைக்கழகம் போவான் என்ற உறுதி எதுவும் இல்லாமலே, யாரோ ஒரு பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்த கை அது.

அந்தக் கைக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றி ஒன்று உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகம் நமக்குக் கிடைக்காது என்று வீட்டில் பேசுவதை நிறுத்துவோம். எஸ்பிஎம் முடித்த பிள்ளையை, விசாரிக்காமலேயே கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன், ஆறாம் படிவத்தையும் மெட்ரிகுலேஷனையும் எண்ணிப் பாருங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பூர்த்தி செய்யுங்கள். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் மனம் உடையாமல் மேல்முறையீடு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விவரம் தெரியவில்லையா? நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

தேசியப் பல்கலைக்கழகம் நம் வரிப்பணத்திலும் நடக்கிறது. அங்கே படிக்கக் கேட்பது சலுகையல்ல, உரிமை. கேட்கத் தெரிந்த பிள்ளைகளாக நம் பிள்ளைகளை வளர்ப்போம்.