கொழும்பின் நான்கு கோடுகள்

அமெச்சூர் வானொலி இன்னது என்பதையும், அதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள் என்றே எண்ணிப் பேசுகிறேன். 2017-ஆம் ஆண்டில் எஃப்.டி.8 என்னும் முறை வெளிவந்தது முதல் எங்கள் ஹாம் நண்பர்களில் பெரும்பாலோர் அதன் வசமாகிவிட்டார்கள். பதினைந்து விநாடிக்கு ஒரு தரம் இரண்டு கம்ப்யூட்டர்கள் மாறி மாறி அழைப்புக்குறியையும் சிக்னல் அளவையும் பரிமாறிக்கொண்டு, குசலம்கூட விசாரிக்காமல் பிரிந்துபோகின்ற அந்தச் சம்பிரதாயத்தின் பயனாக, இத்தனை தேசங்களைப் பிடித்தேன் என்று கணக்குக் காட்டுவதே வித்தை என்று ஆகிவிட்டது. அதன்மேல் எனக்குத் துவேஷம் இல்லை, அலுப்பு உண்டு. அந்த அலுப்பை மறைத்துக்கொண்டு நடுநிலையாகப் பேசுவது எனக்குச் சாத்தியமில்லையாதலால், நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பீக்கன் கட்சி.

பீக்கன் என்னும் தானியங்கி நிலையம் யாரையும் அழைப்பதில்லை. யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை. குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில், குறித்த சக்தியில் தன் பெயரைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சம்பாஷணையில் வெற்றி மட்டுமே பதிவாகிறது: இருவர் பேசினார்கள், ஆகையால் வானத்தில் வழி திறந்திருந்தது. பேச்சு நடவாத வேளையில் வழி அடைபட்டிருந்ததா, அல்லது அந்தப் பக்கத்தில் ரேடியோவின் முன்னால் யாருமே உட்கார்ந்திருக்கவில்லையா என்பதை எவரால் சொல்ல முடியும்? பீக்கனோ இடைவிடாமல் முறை வைத்துப் பேசிக்கொண்டிருப்பது. ஆகவே அது கேட்டால் அது ஒரு செய்தி. கேட்காவிட்டால் அதுவும் ஒரு செய்தி. மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவில் இருக்க வேண்டும்: பீக்கன் கேட்கவில்லை என்பதும் ஒரு செய்தி.

இந்த வகையில் மிக மெலிந்த குரல், விஸ்பர் என்று நாங்கள் வழங்குகிற டபிள்யூ.எஸ்.பி.ஆர். அதை 2008-இல் வெளியிட்ட ஜோ டெய்லர், ஒரு நட்சத்திர ஜோடியிலுள்ள பல்ஸாரைக் கண்டுபிடித்ததற்காக ரஸ்ஸல் ஹல்ஸுடன் 1993-ஆம் வருஷத்து நோபெல் பரிசைப் பெற்ற பௌதிக நிபுணர். ஆகாய இரைச்சலின் நடுவிலிருந்து ஒரு சன்னமான துடிப்பைப் பிரித்தெடுக்கும் அப்பியாசம் அவருக்கு எங்கள் பொழுதுபோக்கிலும் கைகொடுத்தது. அழைப்புக்குறி, இருப்பிடம், சக்தி ஆகிய மூன்று சங்கதிகளை வெறும் 50 பிட்டுகளுக்குள் அடக்கி, அவற்றை 6 ஹெர்ட்ஸ் அகலமே உள்ள நான்கு ஸ்வரங்களில் ஏறக்குறைய 111 விநாடி நேரம் நிதானமாக அனுப்புகிறார்கள். 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்த இரைச்சலைவிடச் சுமார் 28 டெசிபெல் தாழ்ந்திருந்தாலும், காதுக்கு ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து கம்ப்யூட்டர் அந்தச் செய்தியை எடுத்துக் கொடுத்துவிடும். கேட்ட நிலையம் ஒவ்வொன்றும், இன்னாரை இவ்வளவு பலத்தில் கேட்டேன் என்று இணையத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் தானாகவே எழுதி வைக்கிறது.

எங்கள் ஊராகிய சாந்திபுரத்தில் இரண்டு தென்னை மரங்களுக்கிடையே உயரமாக ஒரு கம்பியும், பாறைச் சரிவை ஒட்டித் தாழ்வாக ஒரு கம்பியும் கட்டி, ஒரு முறைக்கு இது, மறு முறைக்கு அது என்று மாற்றி மாற்றி 200 மில்லிவாட்டில் அனுப்பிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவிலும் ரீயூனியன் தீவிலும் கேட்டவர்களுடைய பதிவுகளில் உயரக் கம்பிக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் ஆதாயம் தெரிந்தது. 6 டெசிபெல் என்பது சக்தியை நான்கு மடங்கு பெருக்குவதற்குச் சமம். ஆயிரக்கணக்கில் பணம் போட்டு ஆம்ப்ளிஃபையர் வாங்க இருந்தவர்கள் இரண்டு மரமேறிகளின் கூலியோடு காரியத்தை முடித்துக்கொள்ளலாம். இன்னொரு சங்கதி. சித்தூர்ச் சீமை வெயிலில், டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசையை நிர்ணயிக்கும் மலிவான கிரிஸ்டல் நிலைகொள்ளாது. இரண்டு நிமிஷத்துக்குள் சில ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே செய்தி வீணாகிவிடும். போர்டைப் பஞ்சில் சுற்றித் தூக்குச்சட்டிக்குள் வைத்து மூடியபின் என் டிரான்ஸ்மிட்டர் அடங்கியது. ஆனால் த்ரீ பேஸ் கரண்ட் வந்து சுற்றுவட்டாரத்துப் போர் மோட்டார்கள் எல்லாம் ஒருசேரப் புறப்படுகிற வேளையில், அனுப்பலாமே தவிர, கேட்பது பிரம்மப்பிரயத்தனம்தான்.

விஸ்பரை இவ்வளவு புகழ்ந்தும், என் அந்தரங்க அபிமானம் அதன்மேல் இல்லை. அது கொழும்பின்மேல் இருக்கிறது. 14.100 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 28.200 வரை ஐந்து அலைவரிசைகளில், உலகமெங்கும் 18 நிலையங்கள் மூன்று நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக, ஆளுக்குப் பத்து விநாடி என்று முறை வைத்து ஒலிக்கின்ற சர்வதேசப் பீக்கன் வரிசை ஒன்று உண்டு. அதில் பத்தாவது இடம் கொழும்பு நிலையமாகிய 4எஸ்7பி-க்கு. முதலில் மோர்ஸில் தன் பெயரைச் சொல்லும். பிறகு ஒவ்வொன்றும் ஒரு விநாடி நீளமுள்ள நான்கு கோடுகள். பெயரும் முதற்கோடும் 100 வாட்டில். இரண்டாவது 10 வாட்டில். மூன்றாவது 1 வாட்டில். நான்காவது ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்கில். கோட்டுக்குக் கோடு பத்து டெசிபெல் இறக்கம். மீட்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், இணையம் வேண்டாம். எத்தனை கோடு காதில் விழுந்தது என்று எண்ணத் தெரிந்தால் வானத்தின் நிலவரம் தெரிந்துவிடும். இதைவிடச் சிக்கனமான ஒரு யுக்தியை நான் எந்த விஞ்ஞானக் கருவியிலும் கண்டதில்லை.

கொழும்பு எங்கள் ஊருக்கு எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தொலைவு. அண்டை வீட்டுக்காரர் அல்லவா, சதா கேட்கும் என்று நினைப்பீர்கள். நடப்பது நேர்மாறு. இவ்வளவு கிட்டத்திலிருந்து வருகிற அலை வானத்தில் அலைகளை மடக்கித் திருப்பும் அயனமண்டலத்தை அதிக நிமிர்வாகப் போய் முட்ட வேண்டியிருக்கிறது. அந்த மண்டலம் போதிய அளவு அடர்ந்திராத வேளையில் அலை திரும்பாமல் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. சாய்வாகப் புறப்படும் அலையோ மடங்கி வெகுதூரத்துக்கு அப்பால் இறங்குகிறது. ஆகவே ஜப்பானும் தென்னாப்பிரிக்காவும் தெளிவாகக் கேட்கும் இரவில் கொழும்பு மௌனம் சாதிப்பதுண்டு. சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், பிற்பகலில், 14 மெகாஹெர்ட்ஸில் முதலில் ஒரு கோடு, பிறகு இரண்டு, மூன்று என்று அது எழும்பி வருவதைக் கேட்பது எனக்கு ஒரு கச்சேரிக்குக் குறைந்ததல்ல. குப்பத்திலிருந்து வந்திருந்த என் மருமகப்பிள்ளை, "ஏன் மாமா, பக்கத்து ஊரே கேட்கலைன்னா உங்க ரேடியோ ரிப்பேர்தானே?" என்றான். அந்த மௌனம்தான் அயனமண்டலத்தின் அடர்த்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை என்பதும் ஒரு செய்தி.

எங்கள் பிரதேசத்துக்கு மாலையில் வேறொரு விசேஷம் சேருகிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது; 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும் அதை முன்னிட்டே. சூரியன் அஸ்தமித்தபின், எண்ணெய்க்கு மேலே தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் பீறிக்கொண்டு மேலே வருவதுபோல, அடர்ந்த அயனமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்புகின்றன; மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதிகம். திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில், 1024 யாகி ஆண்டெனாக்களைப் பரப்பி, 53 மெகாஹெர்ட்ஸில் வானத்தை ஆராயும் ராடார் இருக்கிறதே, அது இந்தக் கலக்கத்தின் எதிரொலிகளையும் வாங்கிப் பதிவு செய்கிறது. என் வீட்டில் அதே சேதி, ஒரே ஸ்வரமாக நிற்க வேண்டிய கோடு படபடத்து, ஓரங்கள் கரைந்து வருவதில் தெரிகிறது.

இங்கேதான் விஸ்பர் தோற்றுப்போகிறது. அதன் ஸ்வரங்களுக்கிடையே உள்ள இடைவெளி ஒன்றரை ஹெர்ட்ஸுக்கும் குறைவு. வானம் ஸ்வரத்தை அதற்குமேல் கலைத்துவிட்டால், சிக்னல் பலமாக இருந்தும் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடுகிறது. கோடுகளை எண்ணும் காதுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆகையால் இருட்டியபின் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காதால் கேட்பது என் வழக்கம்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மணி தொடங்கும் நேரத்திலிருந்து மூன்று மூன்று நிமிஷமாகச் சுற்றை எண்ணிக்கொள்ளுங்கள். 14.100 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை நிமிஷம் ஆனதும் கொழும்பின் முறை. அதற்குப் பத்து விநாடி முந்தியது ஹாங்காங்கின் முறை. எத்தனை கோடு என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள்; ஒன்றும் கேட்காதபோது பூஜ்யம் போடுங்கள், காலியாக விடாதீர்கள். ஹாங்காங் கேட்டுக் கொழும்பு கேட்காவிட்டால் உங்கள் ரேடியோவில் குற்றம் இல்லை. நாள் முழுதும், பகலின் உச்சியிலும், பல தினங்கள் தொடர்ந்து பூஜ்யமே வந்தால் மட்டும் நிலையம் பழுதுபார்ப்பில் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளலாம்.