பழைய மோட்டார் வண்டியில் பிரேக் மிதியின் கோளாறறியும் விதம்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பழைய அம்பாஸிடர் வண்டிகள் நம் கிராமங்களில் சிலரிடம் இன்னும் இருக்கின்றன. உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014-ம் வருஷத்தில் நின்றுவிட்டபடியால், இன்று ஓடுகிற வண்டி ஒவ்வொன்றும் பத்து வயதைக் கடந்ததே. கலியாணத்திற்கு ஒரு குடும்பம் முழுவதையும் அதில் ஏற்றிக்கொண்டு போகும்போது, அத்தனை உயிரும் டிரைவரின் காலடியிலுள்ள ஒரு மிதியை நம்பியிருக்கின்றன.

மிதியை அமுக்கினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைக் குழாய்களின் வழியே தள்ளுகிறது. அந்த ஆயில் வீல் சிலிண்டர்களிற் புகுந்து, பிரேக் ஷூக்களை விரித்து, டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. திரவம் அமுங்காது, ஆகையால் காலின் பலம் சக்கரத்திற்குப் போய்ச் சேருகிறது. முற்பட்ட வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான். ஓரிடத்தில் ஒழுக்கு வந்தால் நான்கும் கைவிடும்.

“இரண்டு தரம் அடித்தால் பிடித்துக்கொள்ளும்” என்று சொல்லி ஓட்டுகிறவர்கள் அநேகர். குறுக்கே மாடு வந்தால் இரண்டாந்தரம் அடிக்க அவகாசம் ஏது? அந்த வார்த்தையைக் கேட்டவுடன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பின்வருமாறு பரீட்சித்தல் அவசியம்.

முதல் மிதிப்பில் வெகு தாழ்ந்து, உடனே மறுபடி மிதிக்க உயர்ந்து கெட்டியாக நின்றால், லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டதென்று அறியலாம். இது சீர்செய்ய எளிது. மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்றை எடுத்துவிட்டாற் போதாது. ஆயில் குறையாமலும் ஒழுக்கில்லாமலும் இருந்தால் காற்று பெரும்பாலும் புகாது. எங்கே புகுந்ததென்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வஞ்சகமான கோளாறு ஒன்றுண்டு. மிதியை மெதுவாக அமுக்கி, ஒரு நிமிஷ நேரம் காலை எடுக்காமல் வைத்திருங்கள். அது சிறுகச் சிறுகத் தரையை நோக்கி இறங்கினால், ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும் குழாய்களையும் ஈரமிருக்கிறதா என்று பாருங்கள். எங்கும் ஈரமில்லை, ஆயிலும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறதென்று கொள்ளலாம். ஓங்கி மிதித்தால் இது சில சமயம் தெரியாமற் போகும். மெல்ல அமுக்கும்போதுதான் வெளிப்படும். இவ்வண்டியைச் சாலையில் எடுக்கலாகாது.

மிதி கல்லைப்போல் இருந்தும் வண்டி நிற்காவிட்டால், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் இவற்றையே பார்க்கவேண்டும். மாறாக, மிதியில் சிறிதேனும் வெறும் அசைவு இல்லாவிட்டால், ஆயில் திரும்பிவர வழியடைந்து, பிரேக் விடாமல் உரசி டிரம் கொதிக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் தாங்கவேண்டுமென்பது விதி. ஈரமேறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். எழுபது வளைவுகளுள்ள கொல்லிமலைச் சாலையில் பிரேக்கையே நம்பி இறங்கினால், ஆயில் ஆவியாகி மிதி தரையைத் தொடும். ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் உயர்ந்து நிற்கும். ஆகையால் கீழ் கியரில் இறங்குவதும், இரண்டு வருஷத்திற்கொரு முறை ஆயிலை மாற்றுவதும் உசிதம். ஆயில் குறைந்ததென்று இஞ்சின் ஆயிலை ஊற்றுவது பெருங்கேடு. ரப்பர்கள் யாவும் உப்பிக் கெட்டுவிடும்.

பழுது பார்த்தபின், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை எடுத்தார்களா என்று விசாரியுங்கள். பிறகு ஒரு நிமிஷப் பரீட்சையை மறுபடியும் செய்து, காலி மைதானத்தில் மெள்ள ஓட்டி நிறுத்திப் பார்க்கலாம். கை பிரேக் ஆயிலில்லாமல் தனியே பின் சக்கரங்களைப் பிடிப்பதாகையால், அது சரியாயிருக்கிறதா என்பதை முதலிற் பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பவேண்டும்.