மணி மீட்கும் நடை

தேவாலய மணி என்றவுடன் ஒரு மணி, ஒரு கயிறு, அதனை இழுக்கும் கோயிற் பணியாளர் ஒருவர் என்னும் காட்சியே நேயர்கள் மனத்தில் எழும். யாழ்ப்பாணத்துக் கோயில்களின் காண்டாமணியும் அவ்வாறு ஒலிப்பதே. இங்கிலாந்து தேசத்து வழக்கமோ வேறு. ஆங்கு 5,000க்கு மேற்பட்ட கோபுரங்களிலே ஐந்து, ஆறு, எட்டு, சில இடங்களிற் பன்னிரண்டு மணிகள் ஒருங்கே தொங்குகின்றன. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கயிறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் ஆள். வட்டமாக நின்று ஒருவர் கையை ஒருவர் கண்ணால் அளந்துகொண்டு ஒலிக்கும் இவர்களை மணியடிப்போர் குழாம் என்று சொல்லலாம். இக்குழாத்தினர், தம் கோபுரத்து மணிகளைப் பழுது பார்ப்பதற்காகப் பல மைல் நடந்து பொருள் திரட்டும் செய்தியே இன்றைய பேச்சுக்குப் பொருளாகும்.

நடையின் காரணம் விளங்க வேண்டுமாயின் மணியின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் மணி வெறுமனே ஆடுவதன்று. பெரிய மரச்சில்லு ஒன்றோடு பிணைக்கப்பட்டு முழுவட்டமாகச் சுழல்வது. அடிக்கத் தொடங்குமுன் அதனை வாய் மேலாக நிறுத்திவைப்பர். கயிற்றை இழுத்ததும் அது கீழ்நோக்கி விழுந்து, ஒரு வட்டம் சுற்றி, மீண்டும் வாய் மேலாக வந்து ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தை நீட்டியும் குறுக்கியுமே மணியடிப்போர் தம் முறையை மாற்றிக்கொள்கின்றனர். பத்து அந்தர் நிறையுள்ள வெண்கலத்தைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒலிக்க முடிவது இதனாலேதான். வலிமை அன்று, காலம் அறிதலே இங்கு வேண்டப்படுவது. லிவர்பூல் நகரத்து ஆங்கிலிக்கன் பேராலயத்திற் சுழலும் மிகப் பெரிய மணியின் நிறையோ நான்கு தொன்னுக்கு மேல்!

இவர்கள் இராகம் இசைப்பதில்லை. எண்களின் வரிசையையே ஒலிக்கின்றனர். ஆறு மணிகளை ஒன்றுக்கொன்று வேறான 720 ஒழுங்குகளில் அடிக்கலாம். ஏழு மணிகளாயின் 5,040, எட்டாயின் 40,320. ஓர் ஒழுங்கு அடித்தபின் அதே ஒழுங்கு மறுபடியும் வருதல் கூடாது. ஏட்டைப் பார்த்தலும் கூடாது. பேபியன் ஸ்டெட்மன் என்பார் 1677 ஆம் ஆண்டிலேயே இக்கலைக்கு நூல் செய்தார். 1715 இல் நோரிச் நகரத்துப் புனித பேதுரு மன்குறொவ்ற் ஆலயத்தில் 5,040 மாற்றங்களும் மூன்று மணி நேரத்துக்கு மேலாக இடையறாது ஒலித்தன. 1963 இல் லவ்பறோ என்னும் ஊரிலுள்ள மணி வார்ப்படச்சாலைக் கோபுரத்தில் எண்மர் கூடி, எட்டு மணிகளின் 40,320 மாற்றங்களையும், ஆள் மாறாமல், ஏறக்குறைய 18 மணி நேரம் அடித்து முடித்தனர். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வரிசைமாற்றத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவர். இவர்களோ அதனைத் தோளால் எழுதிக் காட்டியவர்கள்.

இத்தகைய சுழற்சியைத் தாங்கும் மணிக்கூடம் என்றும் புதிதாயிருக்க இயலுமா? ஓக் மரச் சட்டங்களை வண்டு துளைக்கும். இரும்பு துருப்பிடிக்கும். நாக்கு மோதி மோதி மணியின் விளிம்பு தேயும். இவற்றிலும் கொடிது வேறொன்று. பழைய மணிகளின் உச்சியிலே, நாக்கைத் தொங்கவிடும் இரும்புத் துண்டை வெண்கலத்தோடு சேர்த்தே வார்த்துவிட்டனர். அவ்விரும்பு துருவேறிப் பருக்கும்போது சுற்றியுள்ள வெண்கலம் வெடித்துவிடுகின்றது. வெளியே தெரியாத நோய் அது. விரிசல் கண்ட மணியின் குரல் ஓட்டைப் பானையின் குரலாய்விடும்.

பழுது பார்ப்பதோ எளிதான கருமம் அன்று. திருச்சபை அதிகாரத்தாரின் அனுமதி முதலிற் பெறவேண்டும். பின்னர் மணிகளைச் சங்கிலியிற் கட்டி, தளந்தளமாய் இறக்கி, லொறியில் ஏற்றி வார்ப்படச்சாலைக்கு அனுப்பவேண்டும். அங்கே தேய்ந்த பக்கத்தை விட்டுப் புதுப் பக்கத்தில் நாக்குப் படுமாறு மணியைக் கால்வட்டம் திருப்பி அமைப்பர். இரும்புத் துண்டைத் துளைத்து அகற்றுவர். உட்புறத்தைக் கடைந்து சுருதி கூட்டுவர். லிபேட்டி மணியையும் பிக் பென் மணியையும் வார்த்த வைற்சப்பல் வார்ப்படச்சாலை 2017 இல் மூடப்பட்டமையால், இவ்வேலைக்கு உரியோரும் முன்போல் இல்லை. செலவு பல்லாயிரம் பவுண். பெரிய வேலையாயின் இலட்சத்தையும் தாண்டும்.

ஞாயிறு வழிபாட்டுக்கு இருபது பேர் வரும் சிற்றூர் இத்தொகைக்கு எங்கே போகும்? இங்கேதான் நடை வருகின்றது. முறை யாதெனில், நடப்பவர் ஒரு தாளுடன் வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று, "மைலுக்கு இவ்வளவு தருவேன்" என்று கையொப்பம் வாங்குவார். நடந்து முடித்த மைல்களுக்கே பணம். பாதியில் நின்றவருக்குப் பாதிப் பணந்தான். ஆண்டுதோறும் செப்தெம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமையில் இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலே சைக்கிளிலும் காலாலும் ஆலயத்துக்கு ஆலயம் செல்லும் பொதுநடை ஒன்றும் உண்டு. அதிற் சேரும் பணத்திற் பாதி நடந்தவர் குறிக்கும் ஆலயத்துக்கும், மறுபாதி மாவட்டத்துப் பழைய ஆலயங்களைப் பேணும் நிதிக்கும் போகும். ஆலய வாயில்களில் ஊரார் தண்ணீரும் பலகாரமும் வைத்துக்கொண்டு, வருவோரின் தாளில் ஒப்பமிடக் காத்திருப்பர்.

மணியடிப்போர் நடைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வழியிலுள்ள கோபுரங்களில் அனுமதி பெற்று ஏறி, சற்றுநேரம் மணி அடித்துவிட்டே அடுத்த ஊருக்குப் புறப்படுவர். வயல் நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்குங்கால், பின்னால் விட்டுவந்த கோபுரமும் முன்னே தெரியும் கோபுரமுமே அவர்க்கு மைற்கல். ஆனால் குறுகிய சுழற்படிகளில் ஏறி இறங்குவது நடையிலும் கடினம். எழுபது வயதுக்காரர் பலர் உள்ள குழாத்தில் முழங்கால்கள் முதலில் முறையிடும்.

உள்ளதை உள்ளவாறு சொல்லவேண்டும். ஒரு நாள் நடையிற் சேரும் பணம் ஒரு மணியின் பழுதுக்கும் போதாது. அங்ஙனமாயின் நடப்பது ஏன்? பெருநிதி வைத்திருக்கும் அறநிலையங்கள், "உங்கள் ஊரார் எவ்வளவு சேர்த்தீர்கள்?" என்றே முதலிற் கேட்கின்றன. ஊர் அசையாத இடத்துக்கு வெளியார் பணம் வருவது அரிது. தாளிலே ஒப்பமிட்டவருள் ஆலயத்துக்கே போகாதவரும் பலர். ஞாயிறு காலையில் மணியோசை உறக்கத்தைக் கெடுக்கின்றது என்று முறையிடும் அயலாரும் உண்டு. அவர் முறைப்பாட்டை முற்றாகப் புறக்கணிக்கவும் இயலாது.

ஓசை நின்றபின்னரே அதன் அருமை தெரியும். 1940 ஜூன் மாதத்தில், பகைவர் படையிறங்கினால் மட்டுமே மணி அடிக்கலாம் என்று அரசாங்கம் தடை விதித்தது. தேசம் முழுவதும் வாய்மூடிய மணிகள் 1942 நவம்பரில் எல் அலமெயின் வெற்றிக்காக ஒலித்தன. தடை 1943 இலேதான் நீங்கியது. முதலாம் உலகப்போரில் மாண்ட மணியடிப்போர் ஏறக்குறைய 1,400 பேர். அவர் நினைவாக அத்தனை புதியவரைச் சேர்க்கும் முயற்சி 2018 இல் நடைபெற்றது. 2020 இல் கொள்ளைநோய்க் காலத்தில் மீண்டும் கயிறுகள் கட்டிவைக்கப்பட்டன. திரும்பி வராத கைகள் சில. மணியைப் பணத்தாற் செப்பனிடலாம். அடிப்போரை அவ்வாறு வார்த்தெடுக்க வார்ப்படச்சாலை இல்லை. கோபுரத்துக்குப் பக்கத்திலே வாழ்ந்தும் ஒருநாளும் மேலே ஏறாத இளைஞர் சிலர், நடைக்கு வந்த வழியிலே கயிற்றைப் பிடித்துப் பார்ப்பதுண்டு. குழாத்தின் மூத்தோருக்குப் பணத்திலும் இதுவே பெரிய வரவு.

நடை முடிந்த மறுவாரம் பணம் தண்டும் வாரம். சிலர் வாசலிலேயே காத்திருந்து கொடுப்பர். சிலரை மூன்று முறை தேடிப் போகவேண்டும். மாதங்கள் பல சென்று, வேலை முடிந்து, மணிகள் லொறியில் ஊர் திரும்பும். உடனே கோபுரத்தில் ஏற்றிவிடமாட்டார்கள். சில நாட்கள் ஆலயத்தின் நடுத்தளத்திலே வரிசையாக வைத்திருப்பர். பாட்டன் காலத்திலிருந்து காதாற் கேட்ட மணியை அவ்வூரார் முதன்முறையாகக் கண்ணாற் காண்பது அப்பொழுதுதான். மைலுக்கு ஐம்பது பென்ஸ் கொடுத்தவரும் வந்து, குனிந்து, விளிம்பைத் தடவிப் பார்ப்பர்.