உழைத்த கைகள்



புறநானூற்றின் 14ஆம் பாடல் கைகளைப் பற்றியது. கபிலரின் கை மென்மையாயிருப்பதைக் கண்டு வியக்கிறான் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன். அங்குசமும் வில்லும் பிடித்து உன் கை வன்மையாயிற்று. உண்பதன்றி வேறு வருத்தம் அறியாததால் பாடுவோர் கை மெலிதாயிற்று என்கிறார் புலவர்.

வெண்கட்டி பிடிக்கும் என் கையும் மெலியதே. மண்வெட்டி பிடித்து வெங்காயம் பயிரிட்ட என் தந்தையாரின் கையோ கோடையில் வெடித்து இரத்தம் கசியும்.

காய்ப்பு, தோல் தனக்கிட்ட கவசம்; அதைப் பிளேட்டால் சீவக் கூடாது. வெடிப்போ கிருமி நுழையும் வழி. வேலை முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் மண்போகக் கழுவி, ஈரம் முற்றாக உலருமுன் தேங்காயெண்ணெய் பூசவேண்டும். இரவில் பூசிப் பருத்தித் துணி சுற்றினால் இன்னும் நல்லது.

மன்னன் கைக்குப் பாட்டுக் கிடைத்தது. தோட்டம் செய்வோர் கைக்கு நம் வீடுகளில் இந்தப் பரிவாவது கிடைக்கட்டும்.