தரவரிசைப் பட்டியலும் பிள்ளைகளின் தன்மதிப்பும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



ராஜஸ்தான் மாநிலத்தின் கோட்டா ஒரு காலத்தில் ஆலை நகரம். அங்கு இயங்கிய ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலை 1997இல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அதே ஆலையில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சல் தமது வீட்டில் தொடங்கிய வகுப்பிலிருந்துதான் அந்நகரின் நுழைவுத் தேர்வுப் பயிற்சி வணிகம் வளர்ந்தது. இன்று நாடெங்கிலுமிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கு சென்று விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர்.

பதினாறு, பதினேழு வயது என்பது, "நான் யார், எனக்கு என்ன மதிப்பு?" என்ற கேள்வி மனத்தில் எழும் பருவம். பயிற்சி நிலையம் இக்கேள்விக்கு அடுத்தடுத்த தேர்வுகளின் தரவரிசை எண்ணையே விடையாகத் தருகிறது. மதிப்பெண் குறைந்தவர் வேறு வகுப்பிற்கு மாற்றப்படுகிறார். ஊரிலோ, கட்டணத்திற்காகக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தோல்வியைச் சொல்லி அழவும் அந்தப் பிள்ளைக்கு ஆளில்லை.

இந்தத் தோல்வி எங்கிருந்து வருகிறது? 2024ஆம் ஆண்டு நீட் தேர்வை 23 லட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர். அப்போது நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். அவற்றில் ஏறத்தாழப் பாதி இடங்கள் தனியார் கல்லூரிகளில் இருந்தன. அனைவரும் இரவு பகலாகப் படித்தாலும் 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்படுவது உறுதி. இடங்களின் பற்றாக்குறையை அரசு உருவாக்குகிறது; பழியைப் பிள்ளை சுமக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பர்க், வளரிளம் பருவத்தினரின் தன்மதிப்பு குறித்து 1965இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். பிறரைவிட உயர்ந்தவர் என்று கருதுவது ஒன்று. தாம் மதிப்புடையவர், குறைந்தவர் அல்லர் என்று உணர்வது மற்றொன்று. தன்மதிப்பு என்று அவர் கொண்டது இரண்டாவதையே. தரவரிசையோ முதலாவதை மட்டுமே தர வல்லது. அதுவும் ஒரு சிலருக்கு, அடுத்த தேர்வு வரை மட்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. குடும்ப நெருக்கடி, சாதி இழிவு, கவனிக்கப்படாத மனநோய் ஆகியனவும் தேர்வு அழுத்தத்தோடு சேர்ந்துகொள்கின்றன. உரிய நேரத்தில் துணை கிடைத்தால் பலரைக் காப்பாற்ற முடியும் என்பதும் உண்மை.

2023 ஆகஸ்டில் கோட்டா மாவட்ட நிர்வாகம் பயிற்சி நிலையத் தேர்வுகளை இரண்டு மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. 16 வயதிற்கு உட்பட்டோரைச் சேர்க்கக் கூடாது என 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. மதிப்பெண் அடிப்படையில் மாணவரைப் பிரித்து வைப்பதற்கும் பொதுவில் அவமதிப்பதற்கும் எதிராக 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் பயிற்சிக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. வசூலிக்கும் அரசு, அவ்வணிகத்தின் வேரில் கை வைக்கவில்லை.

அரசுக் கல்லூரிகளையும் இடங்களையும் பெருக்குதல், ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரை நியமித்தல், பயிற்சி நிலையங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்துதல் ஆகியன இயக்கத்தின் கோரிக்கைகளாக வேண்டும்.

இறுதியாக ஒரு சுயவிமர்சனம். தேர்வு முடிவு வரும் நாளில் கட்சி உறுப்பினர் வீட்டிலும், "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. சந்தையின் அளவுகோலை மேடையில் எதிர்ப்பவர் அதையே சாப்பாட்டு வேளையில் கையில் எடுக்கலாகாது. மதிப்பெண் குறைந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். மனம் தளர்ந்திருக்கும் எவருக்கும் ஒன்றிய அரசின் இலவச மனநல உதவி எண் 14416 உண்டு. ஒவ்வொரு கிளை அலுவலகச் சுவரிலும் அது எழுதப்பட்டிருக்கட்டும்.