தோற்றவர் பெற்ற புகழ்



விளையாடுவதற்கு ஊதியம் பெறலாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நாட்டைக் கலக்கிய கேள்வி இது. பேஸ்பால் பொழுதுபோக்கிற்கு உரியது. அதற்குப் பொருள் பெறுதல் தகாது என்பது விதி. ஆயினும் திறமை மிக்கவர்க்கு மறைவில் பணம் கொடுப்பதும் நடந்தே வந்தது. இப்பொய்மைக்கு முடிவு கட்ட, ஆட்டக்காரர் சங்கம் 1869-ஆம் ஆண்டில் வெளிப்படையான ஊதியத்திற்கு இசைவளித்தது.

உடனே சின்சினாட்டி நகரக் கழகம் பத்து வீரர்களைச் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டது. அவர்கள் அணிந்த சிவப்புக் காலுறையே அணியின் பெயராயிற்று. தலைவர் ஹாரி ரைட், இங்கிலாந்தில் பிறந்தவர். கிரிக்கெட் ஆடிப் பிழைத்த தந்தையின் மகன். அவர் சம்பளம் 1,200 டாலர். தம்பி ஜார்ஜின் சம்பளமோ 1,400 டாலர். திறமைக்கே முதலிடம் என்பதை இதனால் அறியலாம்.

அவ்வாண்டு மே மாதத்தில்தான் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை நிறைவெய்தியது. அதன்வழியே அவ்வணியினர் சான்பிரான்சிஸ்கோ வரை சென்று ஆடினர். அப்பருவத்தில் 57 வெற்றிகள், தோல்வி ஒன்றுமில்லை!

ஆனால், நான் அவர்களைப் போற்றுவது அவ்வெற்றிகளுக்காக அன்று. 1870, ஜூன் 14. புரூக்ளினில் அட்லாண்டிக் அணியுடன் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் இருவர்க்கும் ஐந்து ஓட்டங்களே. எதிரணியினர் சமநிலை என முடித்துக்கொள்ள மனமுவந்தனர். சின்சினாட்டியார் அதற்கு இசைந்திருந்தால், தோல்வியறியாதவர் என்னும் பெயர் நிலைத்திருக்கும். அவர்களோ, முடிவு காணும்வரை ஆடுவோம் என்றனர். பதினொன்றாம் இன்னிங்ஸில் இரண்டு ஓட்டங்கள் எடுத்து முந்தினர்; எதிரணியினர் மூன்று எடுத்தனர். எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் சின்சினாட்டி தோற்றது.

பின்னர் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. வெற்றியைப் போற்றிய கூட்டம் மெல்லக் கலைந்தது, வருவாய் குறைந்தது. அவ்வாண்டின் இறுதியில் கழகம் சம்பள அணியைக் கைவிட்டது. ஹாரி ரைட் பாஸ்டன் நகரத்திற்குச் சென்று புதிய அணியை அமைத்தார். அவ்வணி 1872 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது.

ஊதியம் பெறுபவன் நேர்மையாக ஆடுவானா என்று ஐயுற்றோர் அக்காலத்தில் பலர். அவர்களுக்குரிய விடை அந்த 57 வெற்றிகளில் இல்லை. சமநிலையை மறுத்து ஆடி ஏற்ற அந்த ஒரு தோல்வியிலேதான் உள்ளது என்பது என் கருத்து.